மும்முறை கேட்ட முத்திருளனார்

முத்திருளனார் வெள்ளரிக்குடி பேருந்து நிலையத்தைப் பெருக்கிக் கூலி வாங்குபவர். விடிந்ததும் விடியாததுமாக, வேலைக்குப் போகுமுன், எல்லைக் கருப்பரின் பதினெட்டுப் படிகளையும் கழுவித் துடைத்துவிடுவார். அதற்குக் கூலி கிடையாது; அவர் கேட்டதும் இல்லை. படி கழுவுகிறவருக்கு அக்கோயிலில் ஓர் உரிமை உண்டு. யாராவது சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வந்தால், "மனசறிஞ்சு சொல்றீகளா?" என்று அவரே மும்முறை கேட்பார். மும்முறையும் ஆம் என்றால்தான் சூடம் ஏற்றுவார். தடுமாறியவர்களை, கருப்பரிடம் பொய் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முப்பது ஆண்டுகளாக அதுவே அவருடைய பூசை.

அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. முதலிடம் பிடித்த கட்சிக்கு ஐந்து பேர் குறைந்தார்கள். ஐந்து பேரை வைத்திருந்த சிறு கட்சிக்கோ திடீரென்று சொந்தபந்தம் பெருகிவிட்டது. காலையில் ஒரு கூட்டணி, மாலையில் ஒரு கூட்டணி என்று பேச்சு நடந்தது. இவர்களை நம்புவதைவிடக் கருப்பரை நம்பலாம் என்று நினைத்தார் பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர். ஐவரையும் கோயிலில் சத்தியம் செய்ய வைத்து, அப்படியே கவர்னர் மாளிகைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

கோயிலில் கூட்டம் கூடியதும், செயலாளர் முத்திருளனாரைச் சற்றே ஒதுக்கி அழைத்து, கேள்வி எதுவும் வேண்டாம், சூடத்தை மட்டும் ஏற்று என்றார். கேட்டால் எவராவது பின்வாங்கிவிடுவார் என்ற பயம் அவருக்கு.

"கேக்காம ஏத்துனா அது சத்தியம் இல்லய்யா. கருப்பன் பேர்ல பொய்க்கு நான் சூடம் ஏத்த மாட்டேன்."

கவர்னரே இங்கு படி கழுவுகிறார் போலிருக்கிறது என்று ஒருவர் கேலி செய்ய, கூட்டம் சிரித்தது. பெரிய மனிதர்கள் முன் மானம் போயிற்றே என்று கொதித்த தர்மகர்த்தா, இனிப் படியில் கால் வைக்கக் கூடாது என்று அவரை விரட்டினார். முப்பது ஆண்டுத் தொண்டு ஒரு நொடியில் போயிற்று. அடியார் கண் கலங்கினார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கீழே நின்று கைகூப்பினார். கருப்பர் பார்த்துக்கொள்வார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தர்மகர்த்தாவே சூடம் ஏற்றினார். நால்வர் சத்தியம் செய்து அணைத்தார்கள், காமிராக்கள் பளிச்சிட்டன. ஐந்தாமவர் அரியநாச்சி, முதல் தடவையாக வென்றவர். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். விறுவிறுவெனப் படியிறங்கி முத்திருளனார் முன் வந்து நின்று, தம்மையும் கேட்கும்படி வேண்டினார். அடியார் கேட்டார். அரியநாச்சி மேலே நின்ற நால்வரையும் திரும்பிப் பார்த்தார். அடியார் மறுபடியும் கேட்டார்.

"இல்லண்ணே. நாங்க அஞ்சு பேரும் நேத்தே அந்தப் பக்கமும் வாக்குக் குடுத்துட்டோம்."

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. மேலே நின்ற ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அதுவரை ஓரமாக நின்றிருந்த சாமியாடி வீரணன்மேல் அப்போது கருப்பர் இறங்கினார். மாலையும் கழுத்துமாக நின்ற கட்சிக்காரர்களை விலக்கிக்கொண்டு கீழே வந்தார். அடியாரின் நெற்றி நிறையத் திருநீறு பூசி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தர்மகர்த்தாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டது இவன் இல்லடா. இவன் வாயால நாந்தான் கேட்டேன்."

பிடித்த கையை விடாமல் உச்சிப்படி வரை அவரை அழைத்துப்போய்த் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

ஆட்சி யார் கைக்குப் போயிற்று என்பதை நாளிதழ்கள் எழுதின. அன்று சேர்ந்த கூட்டணிகளெல்லாம் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. கருப்பரும் முத்திருளனாரும் சேர்ந்த கூட்டணி இன்றும் நிலைத்திருக்கிறது. மெய்யைக் கேட்கத் துணிந்த அந்த எளியவரின் பெருமை ஓங்குக.