வாடை எட்டாத சுருட்டு

உறையூரில் வீட்டிலேயே சுருட்டு சுற்றிப் பிழைத்த செங்கமலத்திடம், வீட்டுச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற தாசில்தார் ரத்தினசபாபதி கண்டிப்பாகச் சொன்னார்: "எனக்குச் சுத்துற சுருட்டுல காரம் குறையக் கூடாது. ஆனா என் வீட்டம்மா மூக்குக்கு வாடை எட்டக் கூடாது. எட்டினா வீட்டைக் காலி பண்ணிடு."

செங்கமலம் கார இலையோடு, அணையாமல் எரிய மெல்லிய இலையும் கலந்து இரண்டு சுருட்டு சுற்றினாள்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. தானும் பிடிக்கிறவங்களுக்கு அடுத்தவங்க வாடை தெரியாதுங்க."

"திமிரா? வா, அவகிட்டயே சொல்றேன்."

அம்மாள் சுருட்டை வாங்கி முகர்ந்தாள். "என்னடி செங்கமலம், எனக்கு எப்பவும் ரெண்டு கார இலை வைப்பியே. இதில ஒண்ணுதானே இருக்கு?"

பத்து வருஷமாகக் கிணற்றடியில் ஒளிந்து பிடித்த தாசில்தார், அன்று கூடத்து நாற்காலியில் சாய்ந்து பற்றவைத்தார். தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது அம்மாள்தான்.