கரடி அடைத்த குடுவைகள்

ஒரு மலைக்காட்டில், ஆப்பிள்கள் பழுத்து விழுந்த நாளில், பாறைக்குழியைச் சுற்றி மூவர் நின்றார்கள்: கரடி, மந்தி, முள்ளம்பன்றி. மேலே கிளையில் ஆந்தையும் இருந்தது. அது தூங்கிக்கொண்டிருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை.

மந்தி பழங்களைக் கல்லால் நசுக்கிச் சாறு எடுத்தது. முள்ளம்பன்றி ஒரு கொடியின் கசப்புப் பூக்களைக் கொண்டுவந்து போட்டது. கசப்பு சேர்ந்தால் பானம் சீக்கிரம் கெடாது. கரடி தன்னிடம் இருந்த தேன் முழுவதையும் ஊற்றியது. மழைக்காலத்துக்கென்று அது சேர்த்துவைத்த இனிப்பு அவ்வளவுதான். ஊற்றிய பிறகு கையை நக்கியது, மறுபடியும் நக்கியது.

"போதும் அண்ணா, இனி தோல்தான் வரும்" என்றது மந்தி.

சாற்றை ஒன்பது சுரைக்குடுவைகளில் நிரப்பிக் கரடியின் குகையில் வைத்தார்கள். முள்ளம்பன்றி ஒவ்வொரு குடுவையின் வாயிலும் புல்லைத் தளர்வாகச் செருகியது.

"புளிக்கும்போது இது மூச்சு விடும். வாயை இறுக்கி அடைத்துவிடாதீர்கள். மழை தொடங்கியதும் ஆளுக்கு மூன்று" என்றது.

இரண்டொரு நாளில் குகை மணக்கத் தொடங்கியது. வாசலுக்கு வந்தால் அங்கேயும் மணம். ஓடைக்குப் போனால் அங்கேயும் மணம்.

'என் தேன் வெளியே நடந்து போகிறதே. மழைக்காலத்தில் எனக்கு என்ன மிஞ்சும்?' என்று கரடி பதறியது. புல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, தேன்மெழுகை உருட்டி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியது. மணம் நின்றது. கரடி நிம்மதியாகத் தூங்கியது.

மழை மேகம் கண்டு மற்ற இருவரும் வந்தார்கள்.

"மெழுகெல்லாம் கன்னம் உப்பிக்கிடக்கிறதே, என்ன அண்ணா?" என்றது மந்தி.

"திருட்டுக்குப் பயந்து அடைத்தேன்."

"யார் திருடியது?"

"காற்று" என்றது கரடி.

படார்! ஒரு குடுவை வெடித்தது. பானம் கரடியின் முதுகில் வழிந்தது. கரடி ஓடிப்போய் மற்றவற்றைக் கட்டிக்கொண்டது.

முள்ளம்பன்றி முதுகைத் திருப்பி நின்றது. "என் முள் ஒன்றை உருவி, மெழுகில் குத்துங்கள்."

"குத்தினால் தேன் போய்விடும்."

"தேன் போகாது. காற்றுதான் போகும்."

"அந்தக் காற்றில் என் தேன் மணக்கிறதே, தம்பி."

இன்னும் மூன்று குடுவைகள் அதன் மடியிலேயே வெடித்தன.

"இப்போது உங்கள் காதில் மணக்கிறது" என்றது மந்தி, பாறைக்குப் பின்னால் இருந்து.

கரடி முள்ளை உருவிக் குத்தியது. உஸ்ஸ் என்றது குடுவை. ஒவ்வொரு உஸ்ஸுக்கும் கரடியின் முகம் சுருங்கியது. குத்தி முடித்ததும் ஒரு துளியை நாக்கில் விட்டுப் பார்த்தது. முதலில் கசந்தது, பிறகு சுறுசுறுவென்றது, கடைசியில் இனித்தது.

"தேன் இருக்கிறது" என்றது மெதுவாக.

"இருந்தது நிறைய" என்றது மந்தி.

முள்ளம்பன்றி பங்கு பிரித்தது. "மந்திக்கு இரண்டு, எனக்கு இரண்டு, அண்ணாவுக்கு ஒன்று."

கரடி மழைக்காலம் முழுவதற்குமான தன் ஒரே குடுவையை எடுத்து, வாயில் புல்லை மிகவும் தளர்வாகச் செருகியது.

வைத்தவை ஒன்பது. மிஞ்சியவை ஐந்து.

நீதி: போக வேண்டியதைப் பிடித்துவைப்பவர், இருக்க வேண்டியதையும் இழப்பார்.