வாலுள்ள கேள்வி

கொடைக்கானலில் ஓர் ஓட்டல். அங்கே அறை கூட்டுகிறவள் மாரக்காள். மேனேஜர் தீனதயாளனுக்கோ இங்கிலீஷ் கர்வம் தலைக்கேறிக் கிடந்தது.

ஒருநாள் விருந்தாளியிடம் மாரக்காள், “வேர் ஆர் யூ?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். கடைசியில் வர வேண்டிய ‘ஃப்ரம்’ விட்டுப்போச்சு. மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

“வால் இல்லாத கேள்வியா? நாளைக்கு முதலாளியம்மா முன்னால என்னையே மூணு கேள்வி கேளு. டு, ஃபார், ஃப்ரம்னு வால் சரியா முடியணும். ஒண்ணு தப்பினாலும் வேலை போச்சு!”

அந்த வேலைதான் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு. ஆனாலும் அவள் கலங்கவில்லை. பதினைந்து வருஷம் வெள்ளைக்காரர் பேச்சைக் கேட்டுத் தேறிய காது அது.

மறுநாள் முதலாளியம்மா வந்து உட்கார்ந்தார். மாரக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணீரென்று கேட்டாள்:

“சார், ஹூ டிட் யூ செல் த நியூ பிளாங்கெட்ஸ் டு?”

ஓட்டலுக்கு வந்த புதுக் கம்பளிகளை யாருக்கு விற்றீர்கள் என்று அர்த்தம். அந்தக் குளிரிலும் மேனேஜருக்கு வேர்த்துவிட்டது.

“வால்... சரியாத்தான் இருக்கு. போதும், நீ போ” என்றார்.

“கேள்வி சரின்னா பதில் சொல்லுங்க” என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார்.

“அவர் நிதானமா யோசிக்கட்டும்மா” என்றாள் மாரக்காள். “எனக்கு இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு.”