மெர்லின் எழுதின கேர்ஃபுல்

மார்த்தாண்டத்துல ஒரு பேக்கரிக்கு மேல ஷாஹினா டீச்சர் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினாங்க. கீழ ரொட்டி வேகுற வாசனையில மேல படிப்பு எங்க ஏறும்னு கேக்காதீங்க. அங்க படிச்சுதான் பாதிப் பேரு பிளேன் ஏறினாங்க.

மெர்லினும் அங்கதான் வந்தா. தலை நரைக்க ஆரம்பிச்ச நர்ஸ், டீச்சரவிட மூத்தவ. அயர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரி அவள எடுத்துக்கிறதாச் சொல்லியாச்சு, இங்கிலீஷ் பரீட்சை மட்டும் தேறணும். போன தடவ தேறல. இந்தத் தடவையும் போச்சுன்னா அந்த வேலை வேற ஆளுக்கு. அதுக்குள்ள இவ அயர்லாந்து போறான்னு நாத்தனா சர்ச்சு முழுக்கச் சொல்லி வச்சுட்டா. அந்த நாத்தனா வாய் இருக்கே, ஒரு தடவ பக்கத்து வீட்டுப் பொண்ணப் பாக்க வந்தவங்ககிட்டயே போயி... சரி, அது இப்ப எதுக்கு.

மெர்லினக் கவுத்தது ஒரே ஒரு பகுதிதான். ஓரத்துல ஒரு வார்த்தை குடுத்திருப்பாங்க. அதுக்குத் தலையோ வாலோ ஒட்டி, வாக்கியத்துல விட்டிருக்கிற இடத்துக்குப் பொருந்துற மாதிரி எழுதணும். 'ஃபுல்', 'லெஸ்', 'நெஸ்'னு வால் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஊசி போடும்போதும் முணுமுணுப்பா. ஜெபம் பண்றாளாக்கும்னு ஒரு பெரியவர் ஆமென் சொன்னாராம்.

மறுநாள் பரீட்சை. அன்னைக்கு வகுப்புல எழுதிப் பாத்ததுலயும் ஒண்ணு தப்பாப் போச்சு. ஓரத்துல இருந்தது 'கேர்'. இவ மளமளன்னு எழுதினது 'கேர்ஃபுல்', அதாவது கவனமான நர்ஸ். டீச்சர் அதச் சிவப்புல சுழிச்சுட்டாங்க.

மெர்லின் தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"எல்லாம் தெரிஞ்சும் எப்படி டீச்சர் தப்பாவுது?"

டீச்சர் நெத்தியப் புடிச்சுக்கிட்டாங்க.

"தலை வலிக்குதுக்கா. பையில மாத்திர இருந்தா ஒண்ணு குடுங்க."

மெர்லின் பையத் தொடல. எப்ப இருந்து வலி, சாப்பிட்டாச்சா, வேற மருந்து ஏதாவது எடுக்கீங்களான்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. கீழ் இமைய இழுத்து ஒடம்புல ரத்தம் இருக்கான்னு வேற பாத்தா.

"மாத்திரதானக்கா கேட்டேன்."

"ஆளப் பாக்காம எப்படி டீச்சர் குடுக்க?"

டீச்சர் வினாத்தாள அவ பக்கம் தள்ளினாங்க. ஓரத்துல இருந்த 'கேர்' மேல கட்டவிரல வச்சு மூடினாங்க.

மெர்லின் அப்பதான் வாக்கியத்தக் கடைசி வரைக்கும் படிச்சா. தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்: அந்த ____ நர்ஸ் கட்டில் கம்பிய ஏத்தி விடாமப் போனதால நோயாளி கீழ விழுந்துட்டார்.

"கேர்லெஸ்," மெர்லின் மெதுவாச் சொன்னா. அசட்டையான நர்ஸ். வாய் சொல்லிருச்சு, பேனா நகரல.

"நர்ஸப் போயி எப்படி டீச்சர் அப்படி எழுத?"

டீச்சர் விரல எடுத்தாங்க.

"விழுந்து கெடக்கிறவர்ட்ட கேளுங்கக்கா."