ஒரு செங்கல்கூட அசையக்கூடாது

கொட்டாவிப்பட்டியில் சடையப்பன், மொக்கையன், குழந்தைவேலு என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நல்லவர்கள். யார் என்ன சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். வம்பே அதில்தான்.

அவர்கள் வீடு மேற்குப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. தங்கை பவளக்கொடி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். பிள்ளைத்தாய்ச்சியை அந்தச் சுவருக்கடியில் எப்படிப் படுக்க வைப்பது? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்து பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள்.

அதிகாரி பொறுமையான மனிதர்.

"வீட்டை இடிக்க அனுமதி வாங்கணும். முதல்ல பக்கத்து வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடுங்க. நான் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு செங்கல்கூட அசையக்கூடாது. அனுமதி இல்லாம தரைமட்டமாச்சுன்னா அபராதம்!"

"சரிங்க சார்" என்று மூன்று பேரும் கும்பிட்டார்கள்.

மொக்கையன் நேரே பக்கத்து வீட்டுச் செல்லத்துரையிடம் போனான்.

"வீட்டை இடிக்கப் போறோம். சொல்லிடச் சொன்னாங்க."

"எந்த வீட்டைப்பா?"

"அதைச் சொல்லச் சொல்லலையே."

பொழுது சாய்வதற்குள் செல்லத்துரை கட்டில், பீரோ, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மருமகன் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்தது செங்கல். அது அசையாமலிருக்க, மூவரும் மேற்குச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, தும்மல் வருது" என்றான் குழந்தைவேலு.

"தும்மாதே. செங்கல் அசையும்."

"வெளியே போய்த் தும்மிட்டு வரட்டுமா?"

"நீ போனா சுவரே அசையும்."

வெகுநேரம் யோசித்து, மெதுவாகத் தும்மலாம் என்று தீர்மானித்தார்கள். குழந்தைவேலு கண்ணில் நீர் வர மெதுவாகத் தும்மினான். சுவர் தப்பித்தது.

இரண்டு நாள் போனது. பசி தாங்காமல் மூவரும் பரோட்டாக் கடைக்குப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் வீடு தரைமட்டம். உயிர் பிழைத்தோமே என்று ஒருவனும் நினைக்கவில்லை. சடையப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அனுமதி வரலையேடா! அபராதம் போடுவாரே!"

"நாம இடிக்கலையே அண்ணே. மழைதானே இடிச்சுது?" என்றான் மொக்கையன்.

"மழைகிட்ட அனுமதி இருந்துச்சா?"



குழந்தைவேலுதான் வழி சொன்னான். "அவர் வந்து பார்க்கிறதுக்குள்ள திருப்பிக் கட்டிட்டா?"

கொத்தனாரைக் கூட்டிவந்து இராப்பகலாகக் கட்டினார்கள். பழைய வீடு மாதிரியே மேற்கே சாய்த்துக் கட்டச் சொல்லிச் சடையப்பன் கெஞ்சினான். கொத்தனார் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்ததால் வீடு நேராகவே எழுந்தது.

அதிகாரி வந்தார். சுவரைத் தொட்டார். விரலில் ஈர சிமெண்டு ஒட்டியது.

"இது புது வீடாச்சே!"

"ஆமா சார். பழசு விழுந்துடுச்சு. இடிக்கணுமே, அதுக்காகக் கட்டினோம்."

அதிகாரி கீழே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும், "கட்டுறதுக்கு அனுமதி வாங்கினீங்களா?" என்றார்.

"இல்லைங்க. நாங்க கேட்டது இடிக்கிறதுக்குத்தானே?"

"அனுமதி இல்லாம கட்டினதை வெச்சிருக்க முடியாது. இடிங்க!"

மூன்று முகமும் மலர்ந்தது. "கொடுத்துட்டாருடா அனுமதி!" என்று சடையப்பன் தம்பிகளைக் கட்டிக்கொண்டான்.

தெருவில் இறங்கிய அதிகாரி திரும்பிப் பார்த்து, "இடிச்ச செங்கலைத் தெருவில கொட்டாதீங்க. உங்க இடத்துக்குள்ளேயே ஒழுங்கா அடுக்கி வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடித்தார்கள். நாலு பக்கமும் வரிசையாக அடுக்கினார்கள். சரிந்துவிடக் கூடாதே என்று நடுநடுவே சிமெண்டு வைத்தார்கள். போகவர வழி விட்டார்கள். களவு போகாமலிருக்க வழியில் ஒரு கதவு. செங்கல் நனையாமலிருக்க மேலே ஓடு.

பவளக்கொடி வந்து, பிள்ளையும் பெற்றாள். ஒருநாள் அந்தப் பக்கம் வந்த அதிகாரி கதவையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மறுபடியும் வீடு கட்டிட்டீங்களா?"

சடையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீடா? நீங்க சொன்னபடி செங்கல் அடுக்கி வெச்சிருக்கோம் சார்."

"உள்ளே குழந்தை அழற சத்தம் கேட்குதே?"

"காவலுக்கு ஆள் வேணாமா? பகல்ல எங்க தங்கச்சி. ராத்திரிக் காவல் மருமகன்" என்ற சடையப்பன், குரலைத் தாழ்த்திப் பெருமையோடு சொன்னான்: "பிறந்து பதினஞ்சு நாள்தான் ஆச்சு. விடிய விடியக் கண்ணு மூடுறதில்லை சார். அவ்வளவு பொறுப்பு!"