அடிக்கடலுக்கு எட்டாத சேதி

ஆசிரியை செண்பகவல்லிக்கு நாற்பது வயது. அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த லூர்துமிக்கேலுக்கு ஐம்பத்தாறு. கப்பல் வேலையை விட்டுவிட்டு, கடலைப் பற்றிப் படிக்க வந்தவர். வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை. பிடிவாதக்காரர்.

ஒரு நாள் அவர் மண் தட்டோடு குப்பைத்தொட்டிப் பக்கம் போனார். தென்கடலின் அடியிலிருந்து எடுத்த பனியுகத்து மண். மூன்று வருட உழைப்பு.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணாச்சி?"

"மண்ணு கெட்டுப்போச்சு மேடம். ஒரே அடுக்குல ரெண்டு வகைப் பொடிச் சிப்பி. ஒண்ணு மேல்தண்ணியில வாழ்ந்தது, ஒண்ணு கடல் தரையில வாழ்ந்தது. ஒரே காலத்துல செத்ததுங்க. கார்பனை வச்சு வயசு பார்த்தா, தரைச் சிப்பி ஆயிரக்கணக்கான வருஷம் மூத்ததுன்னு காட்டுது. பொய் சொல்லுது."

செண்பகவல்லிக்குப் பாவமாக இருந்தது.

"கப்பல்லேர்ந்து வந்ததும் வீட்ல முதல்ல யாரைத் தேடுவீங்க?"

இதை எதற்குக் கேட்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை.

"பெரியம்மாவை. ஒரு தடவை, 'பெரியம்மா தூங்குதா'ன்னு கேட்டுக்கிட்டே உள்ள போனேன். அடக்கம் பண்ணி அஞ்சு மாசம் ஆச்சுன்னாங்க."

"உயிரோட இருக்காங்கன்னு நினைச்சுத்தானே கேட்டீங்க. அது பொய்யா?"

"பொய்யில்ல மேடம். எனக்குச் சேதி எட்டல."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தவர், தானே தொடர்ந்தார்.

"காத்துலேர்ந்து வர்ற புதுக் கார்பன் மேல்தண்ணிக்குத்தான் கிடைச்சிருக்கு. அடித்தண்ணி மேல வராமலே கிடந்திருக்கு. தரைச் சிப்பி அங்க இருந்த பழசை வச்சே ஓடு கட்டியிருக்கு."

செண்பகவல்லி டீயைக் குடித்தார். லூர்துமிக்கேல் தட்டோடு மேசைக்குத் திரும்பினார்.

சில வாரம் கழித்து மறுபடி வந்து நின்றார்.

"பனி உருகுன காலத்து அடுக்கைப் பார்த்தேன் மேடம். ரெண்டு சிப்பிக்கும் வயசு வித்தியாசம் குறைஞ்சிடுது. அடித்தண்ணி மேல வந்திருக்கு."

"சரி."

"அதே சமயத்துலதான் காத்துல கரியமில வாயுவும் ஏறியிருக்கு. அவ்வளவு வாயு எங்கேருந்து வந்துச்சு?"

"மேல செத்ததெல்லாம் எங்க போய் விழும் அண்ணாச்சி?"

"அடியிலதான். அங்கேயே மக்கி, கரியமில வாயுவாகி அந்தத் தண்ணியிலேயே சேரும்."

"அத்தனை மாசம் கழிச்சுக் கப்பல்லேர்ந்து இறங்குனீங்களே, வெறுங்கையோடயா வீட்டுக்குப் போனீங்க?"