கித்தேரி எழும்பி வரும் நாள்

கடற்கரை ஊர் ஒன்றில் சந்தியாகு என்று ஓர் உபதேசியார் இருந்தார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துவதும் அவர் வேலை. தலை நரைத்தவர். பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த அம்புறோஸ் சாமிக்கு அவருடைய வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் சந்தியாகு அவரிடம் சீடனைப்போல உட்கார்ந்து வேதம் கேட்டார்.

சந்தியாகுவுக்கு ஒரே மகள், கித்தேரி. அப்பாவைக் கேட்காமல், கூலிக்குக் கடலுக்குப் போகும் கஸ்பாரைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு அவர் பேச்சை முறித்துக்கொண்டார்.

ஒரு கிறிஸ்துமஸ் காலையில் பலகாரத் தூக்கோடு வந்து கதவைத் தட்டினாள்.

"அப்பா, நான்தான்."

அவர் ஜெபப் புத்தகத்தை விரித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். அடக்க ஜெபத்தை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, பூசையில் எல்லாரும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், செத்தவர் உடலோடு எழுவார் என்னும் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்ற வரி வந்தால் அவர் வாய் மூடிக்கொள்ளும். சாமி அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்து ஊர் கலைந்ததும் கூப்பிட்டார்.

"உபதேசியாரே, அந்த வரியில நம்பிக்கை போயிட்டுதா?"

"போகல சாமி. அதுதான் பயமா இருக்கு."

"பயமா?"

"எம்மக எழும்பி வருவா. எனக்குச் சந்தேகமே இல்ல. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால நிப்பேன்?"

இருவரும் கரையோரமாக நடந்தார்கள். கட்டுமரங்கள் மணலில் கிடந்தன.

"ஆண்டவரைப் பிடிச்சுட்டுப் போன ராத்திரி, பேதுரு 'அவரைத் தெரியாது'ன்னு சொன்னவர்தானே?" என்றார் சாமி.

"ஆமா."

"உயிர்த்த ஆண்டவர் கரையில நின்னு அவரைப் பாத்ததும் என்ன சொன்னார்?"

"மீன் பட்டுதான்னு கேட்டார். அப்புறம், சாப்பிட வாங்கன்னார்."

"சாப்பிடுமுன்ன வேற ஏதும் கேட்டாரா?"

சந்தியாகு யோசித்தார். "இல்ல." பிறகு மெல்லச் சொன்னார். "அவரு ஆண்டவர், சாமி. எம்மக மனுஷி. நோவு தாங்குன மனுஷி."

சாமி வடக்குத் தெருவுக்குத் திரும்பினார். கஸ்பார் வீட்டுக்கு முன்னால் வந்ததும் சந்தியாகுவின் கால் நின்றுவிட்டது. சாமி குனிந்து உள்ளே போனார்.

"கஸ்பார், சாப்பாடு இருக்கா? ரெண்டு பேரு வந்திருக்கோம்."

கஸ்பார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். வாசலில் நிற்பவரைக் கண்டதும் முகம் இறுகியது. திரும்பி அடுப்பைக் கிளறினான்.

"கஞ்சியும் சுட்ட சாளை மீனும்தான் இருக்கு" என்றான் கடைசியில்.

மூன்று தட்டு வைத்தான். சந்தியாகு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"அவளுக்கு உங்கமேல கோவம் இல்ல" என்றான் கஸ்பார், தட்டைப் பார்த்தபடி. "வருத்தந்தான். கோவம் எனக்குத்தான். இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்ப்பா" என்றார் சந்தியாகு. "நியாயந்தான்."

கண்ணீர் தட்டில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை, கஞ்சியை அப்படியே குடித்து முடித்தார். கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்ச் சட்டியை எடுத்து வந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, மாமா?"

சந்தியாகு தட்டை நீட்டினார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. சாமியும் சந்தியாகுவும் தெருமுனைக்கு வந்தார்கள்.

"அவன் மன்னிக்கல, சாமி."

"இன்னும் மன்னிக்கல."

"கித்தேரி வர்ற அன்னைக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"இப்போ கஸ்பார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்னேன்? சொல்ல என்ன இருக்கு? தட்டை நீட்டினேன்."

"அன்னைக்கும் நீட்டுங்க" என்றார் சாமி.